அக்காவுக்கு வாங்கிய சுறா

இண்டர்மீடியட் வகுப்பில் அறுத்துப் படிக்க இன்று ஒரு சுறா வேண்டியிருந்தது. ராயபுரம் கடற்கரை மீன்காரம்மா, "யாருக்கு நைனா?" என்றாள்.

காலேஜுக்கு என்றால் விலை ஏறும். "அக்காவுக்கும்மா. புள்ள பெத்துகீது." எனக்கு அக்காவே கிடையாது.

"பால் நல்லா ஊறும், இத்த எடுத்துகினு போ." கட்டுமரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய கொழுத்த சுறாவைப் பாதி விலைக்குக் கொடுத்தாள்.

வகுப்பில் வயிற்றைக் கிழித்தால் உள்ளே உயிரோடு குட்டிகள். வாத்தியாருக்கு ஏக சந்தோஷம், எல்லாவற்றையும் ஃபார்மலின் ஜாடியில் போடச் சொன்னார். துள்ளல் அடங்கும்வரை மூடியை அழுத்திப் பிடித்தவன் நான்.

மாலையில் மறுபடி கடற்கரைப் பக்கம் போனபோது மீன்காரம்மா, "அக்கா துன்னுச்சா?" என்றாள்.

"நல்லா துன்னுச்சு. இன்னும் கேக்குது."

"நாளிக்கு நானே வூட்டுக்கு எடுத்தாறேன். கொயந்தைய பாக்கணும்."

யார் வீட்டிலாவது கைக்குழந்தை இருந்தால் ஒருநாள் இரவல் கொடுங்கள். என்னிடம் இருப்பவை ஜாடியில்.