இடது பக்கத்து வயலின்

தாமரைச்செல்வியின் கடைக்கு நான் முதலில் போனது சண்டை போட அல்ல. சண்டை பிறகுதான் வந்தது. போனது என்னுடைய சி.டி. ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு. இருபது வருஷமாக உழைத்த சாமான், ஒருநாள் தட்டு சுற்றுவதை நிறுத்திவிட்டது. நேரு வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்று பேரும் ப்ளேயரைக்கூடத் திறந்து பார்க்காமல், "பென் டிரைவ்ல ஆயிரம் பாட்டு ஏத்தித் தர்றோம் சார், இதைத் தூக்கிப் போடுங்க" என்றார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

என் பெயர் இராமதாஸ். மில்லில் தறிக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். மில் மூடியபின் ஒரு காலேஜில் வாசல் காவல். என்னிடம் இருநூற்று அறுபத்து மூன்று சி.டி.க்கள் உண்டு. பாதி ஓவர்டைம் காசில் வாங்கியது. மீதி ஞாயிறு சந்தையில் குனிந்து பொறுக்கியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய், வீட்டுக்காரர்கள் பிரான்சுக்கே போய்விடும்போது, வீட்டுச் சாமான் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வரும். அதில் எனக்குத் தங்கம் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை பாட்டு கேட்காவிட்டால் நான் வீட்டில் கடித்துக் குதறுவேன் என்று என் மனைவி சுலோசனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் என்று சொல்லமாட்டேன்.

தாமரைச்செல்வியின் கடை நெல்லித்தோப்பில், மாவு மில்லுக்குப் பக்கத்தில். ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். மிக்சி, இண்டக்ஷன் அடுப்பு, தேங்காய்த்திட்டு படகுக்காரர்களின் வயர்லெஸ் செட்டு எல்லாம் அங்கே வாய் பிளந்து கிடக்கும். அவளுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். வயதில் எனக்கு மகள்போல என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் போலத்தான் கேட்டேன், "மெக்கானிக் இல்லையாம்மா?"

"அவரு வெளிய போயிருக்காரு. வர்ற வரைக்கும் நான் பாக்குறேன், குடுங்க" என்றாள்.

பத்து நிமிஷத்தில் ப்ளேயரைக் கழற்றி, லென்ஸைத் துடைத்து, மறுபடி மாட்டி உதட்டைப் பிதுக்கியபோதுதான் மெக்கானிக் என்று தனியாக யாரும் கிடையாது என்று எனக்குப் புரிந்தது. தினம் நாலு பேர் அப்படிக் கேட்கிறார்களாம். திருத்திப் பார்த்து அலுத்துப்போய், அவள் தன் கடைக்கு ஒரு கற்பனை மெக்கானிக்கை நியமித்துவிட்டாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் இருபத்தொரு பையன்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி. அப்புறம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் டி.வி. செய்யும் கம்பெனியில் எட்டு வருஷம் சால்டரிங். கம்பெனி மூடியதும் கையில் கிடைத்ததை வைத்து இந்தக் கடை. இதெல்லாம் நான் கேட்டு அவள் சொன்னதில்லை, ஐந்து வாரம் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நானே சேர்த்துக்கொண்டது.

"லென்ஸு போயிடுச்சுய்யா. இந்த மாடலுக்கு சாமான் வர்றதில்ல. பாட்டையெல்லாம் சின்ன ப்ளேயர் ஒண்ணுல மாத்திக்கினா சட்டைப் பையிலயே வெச்சிக்கலாம்" என்றாள்.

"மாத்தினா சத்தம் சப்புன்னு ஆயிடும். நான் கேட்டிருக்கேன். எங்க மாப்ளை அவன் கார்ல போடுறான், தகரத்துல மழை பெய்யிற மாதிரி இருக்குது."

"அது எம்.பி.3யா இருக்கும். எடம் கம்மியா புடிக்கணும்னு, காதுக்குக் கேக்காதுன்னு அது நெனைக்கிறதை எல்லாம் கழிச்சிடும். நான் ஃப்ளாக்னு வேற ஒரு வகையில போட்டுத் தர்றேன். அது துணிய மடிச்சு வெக்கிற மாதிரி. பிரிச்சா அதே துணி. ஒரு இழை குறையாது."

தறிக் கொட்டகைக்காரனிடம் துணியைச் சொன்னாள். நான் விழுந்துவிட்டேன். ஆனாலும் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், "ஒரு இழை குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்."

ஐந்து வாரம் ஆயிற்று. அவளுடைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படிக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எழுதும், இல்லாவிட்டால் மறுபடி படிக்கும். கீறல் விழுந்த சி.டி.யை அவள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நேர்கோட்டில் துடைப்பாள். வட்டமாகத் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். ஒன்பது சி.டி.க்களில் சில இடங்கள் எத்தனை முறை படித்தும் தேறவில்லை. அதை மறைக்கவில்லை. ஒரு நோட்டில் சிவப்பு மையால் எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிஷம் என்று எழுதிக் காட்டினாள். நானோ தினமும் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, சரியாகப் படிக்கிறதா, சரியாகப் படிக்கிறதா என்று நச்சரித்தேன். "ஐயா, வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு வெங்காயமாச்சும் உரிச்சுக் குடுங்க, சி.டி. எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாள்.

எல்லாம் முடிந்து, உள்ளங்கை அளவு ப்ளேயரையும் ஒரு நல்ல ஹெட்ஃபோனையும் கையில் கொடுத்தாள். அதுவரை நான் பாட்டைக் காதுக்குள் திணித்துக் கேட்டவனில்லை. ஸ்பீக்கரில் வைத்து அறை முழுக்கக் கேட்டுத்தான் பழக்கம். ஆனால் என் பாட்டு நேரமும் சுலோசனாவின் சீரியல் நேரமும் ஒன்று என்பதால், இதுவும் நல்லதுக்குத்தான் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

முதலில் போட்டது சந்தையில் அட்டையில்லாமல் கிடைத்த ஒரு சி.டி. வாசித்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. வயலினும் புல்லாங்குழலும். ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும், கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடும். பதினைந்து வருஷமாகக் கேட்கிறேன், தூக்கத்தில்கூட முணுமுணுப்பேன். புல்லாங்குழல் கேட்டது. பதில் வரவில்லை. வயலின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அமைதி. மறுபடி போட்டேன். அதே கதை. வேறு பாட்டுகளைப் போட்டேன். ஒன்றில் வீணை இல்லை, இன்னொன்றில் பெண் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது.

செருப்புகூடச் சரியாக மாட்டாமல் கடைக்கு ஓடினேன். மிக்சியோடு ஒரு அம்மாவும் இன்னொரு ஆளும் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"எடத்த மிச்சம் பண்ண என் வயலினைக் கழிச்சிட்டே. ஒரு இழை குறையாதுன்ன, பாதித் துணியை உருவிட்ட. திருடி."

அவள் முகம் சிவந்தது. சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு, கடை ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். வயலின் கணீரென்று வந்தது. "பாத்தியா, சி.டி.யில இருக்குது. நீதான் தின்னுட்டே" என்றேன். அடுத்து என் ப்ளேயரை அதே ஸ்பீக்கரில் செருகினாள். அதிலும் வயலின் வந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. ஹெட்ஃபோனை அவள் மாட்டிக் கேட்டாள், வயலின் இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். நான் வாங்கி மாட்டினேன், வயலின் இல்லை. வேறு ஹெட்ஃபோன் கொடுத்தாள். அதிலும் இல்லை. பிறகு அதைக் கழற்றி, வலது பக்கத்தை இடது காதுக்கும் இடது பக்கத்தை வலது காதுக்குமாகத் திருப்பி மாட்டிவிட்டாள்.

வயலின் வந்தது. ஆனால் புல்லாங்குழல் போய்விட்டது.

"இப்ப புல்லாங்குழலையும் காணோம்" என்று நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஐயா, நீங்க எந்தக் காதுல போன் பேசுவீங்க?"

"வலது காதுல. அதுக்கென்ன?"

"இடது காதுல பேசிப் பாத்திருக்கீங்களா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். பாட்டு முழுசாகத்தான் இருக்கிறது. வயலின் இடது பக்கம், புல்லாங்குழல் வலது பக்கம். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் அறைக்குள் கலந்து வலது காதுக்கே வந்துவிடும். ஹெட்ஃபோனில் அது நடக்காது. "உங்க இடது காது சுத்தமா கேக்கலன்னு நெனைக்கிறேன்."

"தறி சத்தம். மில்லுல இருந்தவன் எவனுக்குக் காது நல்லா இருக்குது?"

"எங்கப்பாவும் மில்லுதான்யா. அவருக்கு ரெண்டு காதும் சேந்துதான் போச்சு. கூட வேலை செஞ்சவங்களுக்கும் அப்படித்தான். தறி ரெண்டு பக்கமும்தான கத்துது, ஒரு காதை மட்டும் ஏன் எடுக்கப் போவுது? டாக்டரைப் பாருங்க."

என்னைச் செவிடன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாளே என்று ப்ளேயரை மேஜைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டேன். தப்பு யார்மேல் என்று தெரிந்தபிறகும் கோபம் வருகிற ஜென்மம் நான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடையைச் சாத்திவிட்டு, அவள் தன் கணவர் செல்வகுமாரின் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடை நோட்டில் நான் எழுதிக் கொடுத்திருந்த முகவரியை வைத்துத் தேடி வந்திருக்கிறாள். நேராகச் சமையல்கட்டுக்குப் போய் சுலோசனாவிடம் எல்லாம் சொன்னாள்.

சுலோசனா கரண்டியோடு வெளியே வந்தாள். "ரெண்டு வருஷமா இடது பக்கத்துல இருந்து கூப்டா திரும்பவே மாட்டேங்குறாரும்மா. திமிருன்னு நெனச்சிக்கினு நானும் பதிலுக்குப் பேசாம இருந்தேன். பாத்ரூம்ல ரெண்டு தடவ தலை சுத்தி செவுத்தப் புடிச்சிக்கினு நின்னாரு. பித்தம்னாரு."

"அம்மா, இன்னிக்கே கூட்டிக்கினு போங்க" என்றாள் தாமரைச்செல்வி. ஆட்டோவையும் அவளே கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கு டெஸ்ட் வைத்தார்கள். வலது காது வயதுக்குத் தக்கபடி. இடது காது பூஜ்யம். பிறகு குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். இளவயது டாக்டர், ஒரு பெண், படத்தை வெளிச்சத்தில் காட்டினார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்கிற கட்டி, மூளையை நெருக்கத் தொடங்கியிருக்கிறது என்றார். இன்னும் ஒன்றிரண்டு வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சுலோசனா கேட்டாள். டாக்டர் பதிலை என்னிடம் சொல்லாமல் அவளிடம் தனியாகச் சொன்னார். திரும்பி வந்த சுலோசனா என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று முழுக்க விடவில்லை.

"இந்த நெலமையில நிறையப் பேரு வர்றதே இல்ல. காது மந்தம்னு விட்டுடுவாங்க. உங்களுக்கு யாரு சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

"ரிப்பேர் கடைப் பொண்ணு" என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போனது, இடது காதும் நிரந்தரமாகப் போனது. மூன்று மாதம் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, காபி வழியும். அதெல்லாம் பெரிதில்லை. ஆனால் பாட்டு இனி அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்பீக்கர் பழைய ப்ளேயரோடு போய்விட்டது, ஹெட்ஃபோனில் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ப்ளேயர் அவள் கடையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் நாலு மணி ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சுலோசனா தானாகவே சீரியலின் சத்தத்தைக் குறைத்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் தாமரைச்செல்வி வந்தாள். கையில் என் ப்ளேயர். அதில் ஒற்றைக் காதுக்கான இயர்ஃபோன் தொங்கியது.

"பாட்டை ஒண்ணா கலந்துட்டியா?" என்று பதறினேன். உயிர் பிழைத்தவன் முதலில் கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

"பாட்டுல கை வெக்கலய்யா. அது அப்படியே மடிச்ச துணியாத்தான் இருக்குது. வயர்லதான் கை வெச்சேன்." இடது பக்கத்து வயரையும் வலது பக்கத்து வயரையும் அரிசி அளவு ரெசிஸ்டர் இரண்டின் வழியாகச் சேர்த்து, ஒரே காதுக்குக் கொண்டுவந்திருந்தாள். சரியாக வருவதற்குள் மூன்று இயர்ஃபோனைக் கெடுத்தாளாம்.

வலது காதில் வைத்தேன். புல்லாங்குழல் கேட்டது. வயலின் பதில் சொன்னது. இரண்டும் ஓடத் தொடங்கியபோது நான் அழுதேன், கோணல் வாயோடு. அதை மறைக்கவும் இல்லை.

முடிந்ததும் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "அன்னிக்குக் கடையில நாலு பேரு முன்னால உன்னைத் திருடின்னு சொன்னேன்மா. என்னை மன்னிச்சிடு."

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "சொன்னீங்க. வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனா அதனாலதான்யா விடாம தேடுனேன். உங்க எடத்துல வேற ஒரு நல்ல மனுஷன் இருந்திருந்தா, 'பரவால்லம்மா, நல்லாத்தான் இருக்குது'ன்னு சொல்லிட்டு, பாதிப் பாட்டையே கேட்டுக்கினு போய்ச் சேந்திருப்பாரு."