தூங்கிப் பார்த்த படங்கள்

எங்கள் ஆபீசில் ஒரு படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்பவன் நான்தான். திங்கட்கிழமை காலையில் காகிதக் கட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே, "அண்ணே, புதுப் படம் எப்படி?" என்று மேஜைக்கு வந்துவிடுவார்கள். புராணப் படம் என்றால், "பாட்டுக்காகப் போங்க. யுத்தம் வந்தா வெளிய போய் ஒரு சோடா குடிச்சிட்டு வாங்க" என்பேன். சண்டைப் படம் என்றால், "எல்லாரையும் விட குதிரை நல்லா நடிச்சிருக்கு" என்பேன். துப்பறியும் நாவல்களுக்கும் நான்தான் அத்தாரிட்டி. கொலைகாரன் யாரென்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துபோகும் புத்தகத்தை ரயிலுக்கு எடுத்துப் போகச் சொல்வேன். பாதியில் இறங்க நேர்ந்தாலும் நஷ்டமில்லை.

இவ்வளவு பேர் வாங்கியவனிடம் ஒரு குறை உண்டு. நாவலைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன், படத்தில் தூங்கிவிடுவேன். விளக்கை அணைத்து மூன்றாவது பாட்டு வந்தால் போதும், மெஷின் ஓடும் சத்தமே தாலாட்டு. மங்களம் பாடும்போதுதான் கண் திறக்கும். நடுவில் கண்டது படமா கனவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரு ராஜகுமாரி தெப்பக்குளத்து மைய மண்டபத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறாள் என்று நான் சொல்லப்போக, அதற்காகவே ஆறு பேர் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். "அந்த முறுக்கு எங்க மாப்ள?" என்று மறுநாள் சட்டையைப் பிடிக்காத குறை. பிலிமை வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று சமாளித்தேன்.

என் மனைவி டி. கல்லுப்பட்டிக்காரி. படமே பார்த்ததில்லை. நான் வந்து சொல்வதைக் கேட்பதோடு சரி. எங்கள் பெண் குழந்தை பத்து மாதத்தில் காய்ச்சலில் போனபின் அதுவும் நின்றுபோயிற்று. இரண்டு வருஷம் அவள் சரியாகச் சாப்பிடவுமில்லை, பேசவுமில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி ஊர் ஊராகத் தேடிப் போகிற கதை. வழக்கம்போலத் தூங்கினேன். தூக்கத்தில் வைகை வந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனி மாத வைகை. அந்தத் தாய் மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள். தோண்டத் தோண்ட மணல் ஈரமாயிற்று, பிறகு வெளிச்சமாயிற்று. அதிலிருந்து மூன்று வயதுப் பெண் ஒன்று தலையெல்லாம் மணலாக எழுந்து, "ஏம்மா இம்புட்டு நேரம்?" என்று கேட்டது. எங்கள் பெண்தான். இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அதைப் படத்தின் முடிவாகச் சொன்னேன். அது யார் முகம் என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் அவள் எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள், மறுசோறும் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது, "அந்த ஆத்து மணலச் சொல்லுங்க" என்பாள். சொல்வேன். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

மறு வருஷம் அதே படம் வேறு கொட்டகைக்குத் திரும்பி வந்தது. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்தவள், "ஞாயித்துக்கிழமை மேட்னிக்குப் போவோமா?" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்ட முதல் சினிமா. அங்கே பிள்ளை வராவிட்டால் இவள் மறுபடியும் பழையபடி ஆகிவிடுவாளே என்று பயந்தேன். பாட்டுப் புஸ்தகம் வாங்கிக் கதைச்சுருக்கத்தைப் புரட்டினேன். தாய் ஆற்றங்கரைக்கு வருகிறாள், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் தனியாகப் போய் உட்கார்ந்து, தொடையைக் கிள்ளிக்கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிக்கொண்டே தூங்கிப்போனேன். ஆபீசில் யாரிடமாவது முடிவைக் கேட்டால் இத்தனை வருஷத்துத் தீர்ப்பும் சந்தி சிரித்துவிடும். வெட்கமாகத்தான் இருக்கிறது, அதற்காகக் கேட்காமலே இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி டிக்கெட் எடுத்தோம். அங்கேதான் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது பாட்டு போயிற்று, ஏழாவது பாட்டும் போயிற்று. அவள் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தாய் ஆற்றங்கரைக்கு வந்தாள். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க, போவோம்" என்றாள்.

"இன்னும் முடியலையே."

"மிச்சம் எனக்குத் தெரியும்."

வெளியே நல்ல வெயில். கண் கூசிற்று. கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பாயில சாஞ்சா அடுத்த நிமிசம் குறட்டை விடுறவரு, இம்புட்டு இருட்டுல முழிச்சிருந்து படம் பாப்பீங்கன்னு நான் என்னைக்குமே நம்புனதில்ல."

நான் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள்.

"கனவுல நம்ம பிள்ள நல்லா இருந்தாளா?"

"நல்லா இருந்தா" என்றேன்.