கொடியை மட்டும் வெட்டி எடுப்பவள்

முதலில் கழுத்துப் பட்டி, பிறகு இரண்டு கைகள், கடைசியில் பக்கத் தையல். நாலே வெட்டில் ஒரு பனியன் சட்டை மெஷின் துடைக்கும் துணியாகிவிடும். நீலச் சட்டை கைக்கு வந்தால் மட்டும் ஐலா ஹுஸ்கோனன் நிதானமாகிவிடுவாள். நெஞ்சில் ‘100’ என்ற எண்ணும், அதன் கீழே கொடியும் அச்சிட்ட சட்டை அது. பின்லாந்தின் விடுதலைக்கு நூறு வயதான டிசம்பரில் ஊரே வாங்கியது. குளிரில் கோட்டுக்கு மேலே மாட்ட வேண்டியிருந்ததால் எல்லோரும் இரண்டு அளவு பெரிதாகவே வாங்கினார்கள். இப்போது அவை மூட்டை மூட்டையாகக் குவோப்பியோ நகரில் அவள் வேலைசெய்யும் பழந்துணிக் கூடத்துக்கு வருகின்றன.

எண்ணையும் கொடியையும் சேர்த்துச் சதுரமாக வெட்டி, காப்பி டப்பாவில் போட்டுவைப்பாள். சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பில் எரிப்பாள். கிழிந்த கொடியை எரிப்பதுதான் முறை. பனியனுக்கும் அந்த மரியாதை உண்டென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

“அது வெறும் மை, ஐலா,” என்பான் மேற்பார்வையாளன் யோவ்னி. “சட்டைக்கெல்லாம் அடக்கம் பண்ணிட்டிருந்தா வேலை எப்ப முடியும்?”

“மைதான். அதை வச்சு லாரிக்கு அடியில எண்ணெய் துடைப்பியா நீ? போ, போய் உன் வேலையப் பாரு.”

ஐலாவுக்கு அறுபத்தொரு வயது. நின்றபடியேதான் காப்பி குடிப்பாள். இந்தக் கொடிப் பேச்சை விட்டால், ஒரு நாளில் அவள் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம்.

போன வியாழக்கிழமை ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவள் மேசைக்கு வந்தார். பெயர் என்சியோ தோல்வனன். மகன் வசந்தத்தில் இறந்துபோனான்.

“மருமக அவன் துணியெல்லாம் இங்க குடுத்துட்டா. அவளக் குத்தம் சொல்லல, அவளால அதையெல்லாம் பாக்க முடியல. எனக்கு ஒண்ணு போதும். நூறாவது வருஷத்து நீலச் சட்டை. கொடி மேல தார்க்கறை இருக்கும். நாங்க ரெண்டு பேரும் படகுக்குத் தார் பூசினப்ப பட்டது.”

ஐலாவுக்குச் சட்டென்று அந்தக் கறை நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை அவள் வெட்டிய சட்டை. மிச்சத் துணி முந்தின நாளே லாரியில் போய்விட்டது. மரியாதை என்று நினைத்துச் செய்த காரியம் இந்த மனிதருக்கு என்னவாகிவிட்டது என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“நான்தான் வெட்டினேன்,” என்றாள்.

“சரி,” என்று கிழவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

“இருங்க, போகாதீங்க.”

டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். பதினெட்டுச் சதுரங்கள். ஒவ்வொன்றாக விரித்தாள். பதினாலாவதில், கொடியின் நீலச் சிலுவைக்குப் பக்கத்து வெள்ளையில், கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கறை.

கிழவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

“தார் வாசனை போயிடுச்சு. துவைச்சுத் துவைச்சு...”

ஐலா துணியை வாங்கி, அவர் கோட்டின் உட்புறம் இடது பக்கத்தில் நாலு மூலையிலும் குண்டூசி குத்தினாள். பிறகு, அறிமுகமே இல்லாத அந்த மனிதரின் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.