கன்னத்தில் வரைய இருந்த தழும்பு

இது நடந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலேசியாவின் ஈப்போ நகரில், லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறும் நேரத்தில் நடந்தது. அன்று நான் ஒரு மோசடிக்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போவதாக நினைத்துக்கொண்டுதான் அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

நான் மெங்லெம்புவில் ஒரு பார்சல் நிறுவனத்தின் கவுண்டரில் வேலை செய்கிறேன். வீடு செம்மோர் பக்கம், முன்பு கித்தாப் பால் வெட்டும் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழுந்த தாமான் குடியிருப்பில். யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை நான். "உங்கள் பெயரில் கடத்தல் பார்சல் பிடிபட்டிருக்கிறது" என்று எவனோ போனில் மிரட்டியதை நம்பி, முகம் வெளுத்துப்போய் எங்கள் கவுண்டருக்கு ஓடி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் வீட்டுக்கு வரும் மீன்காரரிலிருந்து என் கணவரின் நண்பர்கள் வரை எல்லோர் மேலும் எனக்கு ஒரு கண் இருக்கும். என் கணவர் என்னைப் "போலீஸ்காரி" என்றுதான் கேலி செய்வார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு விண்வெளிப் படங்கள் என்றால் பைத்தியம். அதிலும் ஒரு படம். பழுதாகிப்போன விண்கலத்தில் என்ஜின் மெக்கானிக்காக ஒரு பெண் இருப்பாள். கடைசிக் காட்சியில் எல்லோரையும் காப்பாற்ற அவள் எரியும் என்ஜின் அறைக்குள் போவாள். திரும்பி வரும்போது முகத்தின் ஒரு பக்கம் வெந்திருக்கும். அதோடு படம் முடிந்துவிடும். அதன் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றதும் எங்கள் பேராக் மாநிலத்தில் இருக்கும் தமிழ் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கினோம்.

முன்னோட்டம் வந்த நாளிலிருந்து குழுவில் ஒரே சண்டை. முன்னோட்டத்தில் அவளுடைய முதுகை மட்டும்தான் காட்டினார்கள். முகத்தைக் காட்டவே இல்லை. அழகு போய்விடக்கூடாது என்று முகத்தைச் சரிசெய்துவிட்டார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம். ஹீரோவை அழவைக்க அவளைப் பாதியில் கொன்றுவிடுவார்கள் என்றார் ஒருவர். கையில் குழந்தையைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள் என்றார் இன்னொருவர். எல்லோரையும்விடச் சூடாக எழுதியவள் நான்தான். அவள் தழும்போடுதான் வரவேண்டும், முகத்தை மெழுகிவிட்டால் பாதிப் படத்தில் எழுந்து வந்துவிடுவேன் என்று எழுதினேன். அதோடு நிற்கவில்லை. முதல் நாள் காட்சிக்குப் பெண்கள் எல்லோரும் கன்னத்தில் தீக்காயத் தழும்பு வரைந்துகொண்டு போகலாம் என்று யோசனை சொன்னேன். குழுவே கைதட்டியது. எந்தச் சாயம் போட்டால் உண்மைத் தழும்பு போலவே இருக்கும் என்று வீடியோக்கள் பறந்தன.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவரின் முகப்புப் படத்தில் நிலா மட்டும் இருந்தது. பெயர் பெண் பெயர். குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதியிராத ஆள்.

"அக்கா, நீங்க எழுதினது நிஜமாவா? அவ தழும்போட வந்தா உங்களுக்குப் பிடிக்குமா?"

பிடிக்கும் என்று பதில் போட்டேன். மறுநாள் இன்னொரு கேள்வி. தழும்பு எந்த அளவு இருந்தால் பிடிக்கும்? அதற்கடுத்து, அவளை யாராவது காதலிப்பது போல் காட்டலாமா? இப்படியே கேள்விகள் வந்தன. எல்லாம் முகத்தைப் பற்றித்தான். கதையைப் பற்றியோ கலத்தைப் பற்றியோ ஒன்றும் இல்லை. குரல் செய்தி அனுப்பச் சொன்னேன், மாட்டேன் என்றாள். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. பெண் பெயரில் எழுதும் ஆணாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஓரளவு முடிவாகிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் மதியம் வந்தது அந்தச் செய்தி: "உங்க முகத்துக்கு அப்படி ஒண்ணு ஆனா, நீங்க அந்தக் கவுண்டர்ல உக்காருவீங்களா?"

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவளிடம் சொன்னதே இல்லை. கவுண்டருக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் நின்றிருந்தார். அவர் பைக்குள் கையை விட்டபோது நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். அவர் எடுத்தது அடையாள அட்டையைத்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் என் கணவரிடம் காட்டினேன். அவர் ஏர்கோண்ட் குளிர்சாதனங்களைப் பழுதுபார்ப்பவர், எதற்கும் பதறமாட்டார். இதற்கு அவரே பதறினார்.

"பிளாக் பண்ணிடு லா. இவன் ஆளே சரியில்ல."

"பிளாக் பண்ணினா வேற நம்பர்ல வருவான். எங்க வேலை செய்றேன்னு தெரிஞ்சு வச்சிருக்கான். யாருன்னு பார்த்தே ஆகணும்" என்றேன்.

அந்த நிலாப் படமே எங்களுக்கு வழி காட்டியது. நேரில் சந்திக்கவேண்டும், ஒரு விஷயம் கேட்கவேண்டும் என்று அதிலிருந்து செய்தி வந்தது. நான் இடத்தைச் சொன்னேன். கூட்டம் இருக்கும் கடை, வாசல் ஓர மேசை. திட்டம் சாதாரணமானது. அந்த மேசையில் என் கணவர் உட்காருவார். நான் இரண்டு மேசை தள்ளி, யாரோ போல உட்கார்ந்து பார்ப்பேன். வந்தவன் ஓடப் பார்த்தால் என் கணவர் பிடிப்பார், நான் படம் எடுப்பேன், நேரே போலீஸ் நிலையம்.

ஞாயிறு காலை. எனக்கு முன்னால் ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. கடைக்குள் வந்த ஒவ்வொரு ஆணையும் நான் சந்தேகப்பட்டேன். கடைசியில் வந்தார் ஒருவர். நல்ல உயரம், தொப்பி, கடல்காற்றில் கறுத்த முகம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று மேசை மேசையாகப் பார்த்தார். நேராக என் கணவரிடம் போனார்.

நான் நினைத்தது சரி! ஆண்தான்!

"இந்த மேசையில ஒரு பொம்பள இருப்பாங்கன்னு சொன்னாங்க. நீங்க யாரு?" என்றார் அவர்.

"அத நான் கேக்கணும் அண்ணே. பொம்பள பேருல மெசேஜ் போடுறது நீங்கதானா?" என்றார் என் கணவர்.

"என்னாது? நீதானே பொம்பள பேருல எழுதுற! நான் நெனைச்சது சரியாப் போச்சு. எங்க வீட்டுப் புள்ளகிட்ட உனக்கு என்னா பேச்சு?"

"எந்தப் புள்ள? என் பொண்டாட்டிய மிரட்டிட்டு இங்க வந்து கதை வுடுறீங்களா? வாங்க, போலீஸுக்குப் போலாம்."

"போலாம் லா! காடி வெளியதான் நிக்குது, வா!"

பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினேன். அப்போது அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. நீ நிஜமாவே அந்தப் படத்தோட ரசிகன்னா சொல்லு. அந்தப் பொம்பள அதுல என்னா வேலை பாக்குறா?"

என் கணவர் என்னோடு அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்து, முதல் பத்து நிமிடத்திலேயே தூங்கிப்போனவர். அவர் கொஞ்சம் யோசித்தார். "கப்பல் ஓட்டுறா" என்றார்.

"கப்பலா? அவ டாக்டரு. என் தங்கச்சி சொல்லியிருக்கு" என்றார் அவர், கொஞ்சம் நம்பிக்கை இல்லாமல்.

"டாக்டர் இல்ல, ஓட்டுறவதான்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "என்ஜின் மெக்கானிக்!" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடையே பார்த்தது. அந்த மனிதர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூச்சை வெளியே விட்டு, "நீங்கதானா தங்கச்சி? அப்ப இவரு?" என்றார்.

"வீட்டுக்காரரு."

அவர் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "நான் அவளோட அண்ணன். சித்தியவான்லேருந்து வாரோம். அவ காடியில இருக்கா. ஆளு எப்படின்னு பார்த்துட்டு வாரேன், அப்புறம் நீ எறங்குன்னு சொன்னேன். போன தடவ ஒரு கடையில வச்சு எவனோ அவள போன்ல படம் புடிச்சுட்டான். அதுலேருந்து அவ வெளிய வாரதில்ல." சொல்லிவிட்டு என் போனையே பார்த்தார். நான் அதைப் பைக்குள் போட்டேன்.

அண்ணன் காருக்குப் போய் அவளை அழைத்து வருவதற்குள் என் கணவர் என் மேசைக்கு மாறியிருந்தார். என்னைவிட இளையவள். முகக்கவசமும் தலையில் துப்பட்டாவும். என் எதிரில் உட்கார்ந்தாள். தேத்தண்ணீர் வந்ததும், குடிப்பதற்காக முகக்கவசத்தை இறக்கினாள். வலது கண்ணுக்குக் கீழே தொடங்கி, கன்னம், காதின் பாதி, கழுத்து வரை தோல் இழுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் ஆறிப்போன ரொட்டியைப் பார்த்தேன்.

"பாருங்க அக்கா. பார்த்துட்டீங்கன்னா அப்புறம் பேசலாம்" என்றாள்.

பார்த்தேன்.

அவள் சித்தியவானில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். வீட்டில் கேஸ் கசிந்தது தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். உடம்பு தேறி மறுபடியும் வேலைக்குப் போனபோது பிள்ளைகள் அழுதார்களாம். பிள்ளைகள் மேல் தனக்குக் கோபமே இல்லை என்றாள். அதன் பிறகு அவளே வேலையை விட்டு நின்றுவிட்டாள். எங்கள் படத்தை அவள் பார்த்தது மருத்துவமனைப் படுக்கையில், போனில். முடிவு அப்படி இருக்கும் என்று தெரியாமல் பார்த்திருக்கிறாள்.

"என்னைப் பயமுறுத்தத்தான் அப்படி எழுதுறீங்கன்னு நெனைச்சேன். கவுண்டர்ல உக்காருவீங்களான்னு கேட்டீங்களே" என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் போனாள். "ஐயோ, இல்லக்கா! உங்க வாட்ஸ்ஆப் போட்டோவுல யூனிஃபார்ம் போட்டு கவுண்டர்ல உக்காந்திருந்தீங்க, அத வச்சுத்தான் கேட்டேன். உக்காருவேன்னு நீங்க சொன்னா, நானும் ஒரு வேலைக்கு எழுதிப் போடலாமான்னு யோசிச்சேன்."

உட்காருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை அவள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

அவள் கேட்க வந்த விஷயம் வேறு. "முதல் நாள் எல்லாரும் தழும்பு வரைஞ்சுக்கிட்டு வாரீங்கதானே? எனக்கு ரொம்ப ஆசைக்கா, அந்தப் படத்த தியேட்டர்ல பார்க்கணும்னு. ஆனா நீங்க எல்லாம் படம் முடிஞ்சதும் கழுவிட்டுப் போயிடுவீங்க. நான் நடுவுல எப்படி உக்காருறது?"

என் கணவர் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவளுடைய அண்ணன் தெருவைப் பார்த்தார்.

வரைய மாட்டோம், அந்தத் திட்டத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். ஆனாலும் ரசிகை புத்தி சும்மா இருக்குமா? "அவ தழும்போட வரணும்னு நான் சொன்னது உங்கள மாதிரி இருக்குறவங்களுக்கும் சேர்த்துத்தானே" என்றும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். "எனக்கு அவ நல்லாகி வரணும்க்கா. அவ்வளவு தூரம் வானத்துல போறாங்க, செத்துப்போன என்ஜினையே ஓட வைக்கிறாங்க. ஒரு மூஞ்சிய சரி பண்ண மாட்டாங்களா? கதையிலகூட முடியாதுன்னா, அப்புறம் எனக்கு எங்க முடியும்?"

"அப்ப அவ செஞ்ச தியாகம்? எல்லாரும் மறந்துடுவாங்களே."

"ஞாபகம் வச்சுக்க அவ மூஞ்சிதான் வேணுமா? ஹீரோ கையில குண்டு பட்ட காயம் முதல் பாகத்துலயே ஆறிப்போச்சு. அது ஏன் ஆறுச்சுன்னு குழுவுல ஒரு ஆளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஹீரோவின் கையை நான் கவனித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதினேன்: தழும்பு வரையும் திட்டம் வேண்டாம், அவளுடைய முகம் எப்படி வந்தாலும் சரி. காரணம் சொல்லவில்லை. தன்னைப் பற்றி யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், குழுவின் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. "இவ்வளவு நாள் கத்திட்டு இப்ப ஏன் பல்டி?" என்றார் ஒருவர். படக் கம்பெனிக்காரன் காசு கொடுத்துவிட்டானா என்றார் இன்னொருவர். முன்பு எனக்குக் கைதட்டியவர்கள் என் பழைய செய்திகளை எடுத்துப் போட்டுக் கேள்வி கேட்டார்கள். நாலு வார்த்தையில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். தட்டச்சு செய்வேன், அழிப்பேன். கடைசிவரை அனுப்பவில்லை. யாரென்று தெரியாமல் ஒருவரைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்துக்கு எதிரில் வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சிலர் இன்னும் வரையத்தான் போகிறார்கள். அவர்களைத் தடுக்க என்னால் முடியவில்லை. அதனால் நானும் அவளும் முதல் நாள் போகப்போவதில்லை. கூட்டம் குறைந்த பிறகு, வேலை நாளில், காலைக் காட்சிக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். அவளுடைய அண்ணனும் வருகிறார். இதற்கிடையில் முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்குக்கு யாராவது நல்ல மாப்பிள்ளை பார்க்கவேண்டும் என்று எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவள் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. எனக்கும் அவளுக்கும் மெக்கானிக்கின் முகத்தைப் பற்றிய சண்டையும் இன்னும் தீரவில்லை. தழும்பே இல்லாமல் அந்தப் பெண் திரையில் வந்தால் என் மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். தழும்போடு வந்தால், பக்கத்து நாற்காலியில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.

கதையில் வரும் ஒரு பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று யாராவது அடித்துச் சொல்லும்போது, அது யாருக்காகக் கேட்கப்படுகிறது என்ற சந்தேகம் இப்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. சொல்வது நானாக இருந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.