மாமி சுத்தமாக்கிய வீடு

அம்மா கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

அக்கராயனில் காணி கிடைத்து நாங்கள் வந்த முதல் வருடமே அம்மா மாட்டுவண்டிலிலிருந்து விழுந்துவிட்டார். முறிந்த இடுப்பெலும்பு ஒருவாறு பொருந்தினாலும், அதன் பிறகு அவரால் குனியவோ குந்தவோ முடியவில்லை. அதனால் குசினிச் சாமான்கள் எல்லாம் அவருடைய இடுப்பு உயரத்துக்கு ஏறின. அப்பா மண்ணால் மேடை கட்டி அடுப்பை அதன்மேல் வைத்தார். தண்ணீர்க்குடம் முக்காலியில் இருந்தது. நடுவில் ஒரு கதிரை. விளக்குமாற்றை நீண்ட காட்டுத்தடியொன்றில் கட்டி, நின்றபடியே கூட்டுவார். இன்று குசினி, நாளை விறாந்தை, மறுநாள் முற்றத்தில் பாதி. களைத்தால் கதிரையில் இருந்து மூச்சுவிட்டுவிட்டு மறுபடி எழும்புவார். மற்றப் பாதியில் கிடக்கும் சருகைக் கண்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் தமக்கை வந்தார். மாமிக்குக் கைவேகம் அதிகம். அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிய காலை, அவர் சேலையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். நானும் கூட. குடத்தைத் தரையில் இறக்கினோம். சட்டிபானைகளைக் கழுவிப் பரணில் கவிழ்த்தோம். கதிரையை விறாந்தைக்கு இழுத்தோம். தரை முழுவதும் சாணகத்தால் மெழுகினோம். விளக்குமாற்றை அவிழ்த்து மூலையில் போட்டுவிட்டு, தடியை மாமி முறித்து அடுப்புக்குள் வைத்தார். மத்தியானத்துக்குள் வீடு பளிச்சென்று இருந்தது. நான் வாசலில் நின்று நின்று பார்த்தேன்.

அம்மா வந்ததும் அதே வாசலில் நின்றார்.

"என்ரை தடி எங்கை?"

"அது எரிஞ்சு போச்சு, மச்சாள். குசினிக்குள்ளை உது ஒரு வடிவே?" என்று மாமி சிரித்தார்.

"இந்த வீட்டிலை நான் ஒரு வேலையும் செய்யக்கூடாதெண்டு நினைச்சோ வந்தனீங்கள்? இனி ஒரு மிடறு தண்ணிக்கும் நான் ஆரைக் கூப்பிடுறது?"

"உதவி செய்ய வந்த எனக்கு இது வேணும்" என்று மாமி அழத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கள் ஒரு கிழமையிலை செய்யிறதை மாமி அரை நாளிலை செய்தவா. அவவை ஏன் பேசுறியள்?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுக்கப் போனார். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. மறுபடியும் நீட்டினார். நான் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி முற்றத்தில் வீசி எறிந்தார்.

அடுத்தநாள் முதல் பஸ்ஸில் மாமி போய்விட்டார். அப்பா கத்தியோடு காட்டுக்குள் போய்ப் புதுத் தடியொன்று வெட்டி வந்தார். அம்மா அதைத் தன் நெஞ்சோடு வைத்து அளந்து, இன்னும் நாலு விரல் குறைக்கச் சொன்னார்.

நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. எங்களைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் காடு. போயும் போயும் ஒரு தடிக்காக மாமியை அழவைத்து அனுப்பிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அம்மாவின் கோபம் தடிக்கானது என்றே அப்போது நினைத்திருந்தேன்.