தெர்மாமீட்டரை உதறிய நர்சம்மா

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த அந்த நர்சம்மாவை எனக்குப் பிடிக்காது. ஒல்லி உடம்பு, இறுக்கிய கொண்டை, சிரித்தறியாத முகம். கோபம் வந்தால் கையிலிருக்கும் தெர்மாமீட்டரைச் சாட்டை மாதிரி உதறுவாள்.

மூன்றாவது முறையாக, ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து நான் படுத்திருந்தேன். அழுததற்கு, "அழுதா ரத்தம் ஊறுமா? கம்முனு படு" என்று அதட்டினாள்.

கட்டிலருகே நின்ற என் மாமியார் வார்டே கேட்கும்படி சொன்னாள்: "புள்ளைய வயித்துல வெச்சிக்கினு தறி மிதிச்சா தங்குமா? மூணையும் இவளே மிதிச்சிக் கொன்னுட்டா."

இந்த முறை நான் தறிக்குழியில் இறங்கவே இல்லை.

நர்சம்மா தெர்மாமீட்டரை உதறினாள்.

"தறி ஒண்ணும் பண்ணல. இவ ரத்தத்துல மேக நோய் இருக்குது, படுக்கையில தொத்துற சீக்கு. வூட்டத் தாண்டாத பொண்ணுக்கு அது எங்கிருந்துமா வந்துச்சு? உன் புள்ளைய இட்டுக்கினு வா. அவனுக்கும் ஊசி போடலன்னா அடுத்ததும் தங்காது."

"என் புள்ளையவா சொல்ற?" என்று மாமியார் பாய்ந்தாள்.

"அவனத்தான்."

அதையும் வார்டே கேட்டது. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தலைகுனிந்து வந்து நின்றார். அடுத்த பிள்ளை தங்கியது. மாமியார் ஏகாம்பரநாதருக்கு அர்ச்சனை செய்தாள்.

ஆறுதலாக ஒரு சொல் சொல்லாத அந்த நர்சம்மாவை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் மூன்று பிள்ளைகளின் பழியை என் காலிலிருந்து இறக்கியவள் அவள் ஒருத்திதான்.