ஈசானி மூலையில் ஒரு கக்கூஸ்

ராஸ்மினிக்குச் சிரிக்க வராது. பாலித் தீவில், அதுவும் அந்த ஊரில், அது பெரிய குறை. பிடிக்காத சம்பந்தம் வந்தாலும் சிரித்து, கேட்கக் கூடாததைக் கேட்டாலும் சிரித்து, வயிறு பற்றி எரியும்போதும் வாய் நிறையச் சிரிக்கிற ஜனங்கள் அவர்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால், சொன்னவனுக்குத்தான் அங்கே அவமானம். ராஸ்மினி மட்டும் முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இவளைப் பெற்றவள் வாயில் தேனுக்குப் பதில் மிளகாயைத் தடவிவிட்டாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஞோமான் அதற்கு நேர் எதிர். சிரிப்புக்குக் கூலி உண்டென்றால் அவன் இந்நேரம் கோடீஸ்வரன். அவனுடைய சித்தப்பா வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தபின் பக்கத்திலிருந்த அவர் பங்கு வீடு பூட்டிக் கிடந்தது. அதை வார்விக் என்ற ஆஸ்திரேலியாக்காரன் வந்து பார்த்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே மாத வாடகைக்கு விடுவதில்லை. இருபது வருஷத்து வாடகையை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் கூரை வேய்ந்ததிலும் மகள் கல்யாணத்திலும் கரைந்து போயிற்று. வார்விக் கரையவில்லை. எட்டு வருஷம் ஓடியும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது.

வந்த புதிதில், சேவல் கூவுவதால் தூக்கம் கெடுகிறது என்றான். ஞோமான் சிரித்தான், சேவல் அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. ஊதுவத்திப் புகை ஆகவில்லை என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு. வேலியோரம் வைத்த படையல் இடம் மாறியது. அங்கே நின்ற பலாமரம் வெட்டுப்பட்டதும் அப்படித்தான். ஞோமான் ஒவ்வொரு முறை பல்லைக் காட்டும்போதும் வீட்டில் ஏதாவது ஒன்று குறைந்தது. ராஸ்மினி கத்திப் பார்த்தாள். போகட்டும் விடு லூ, காசு வாங்கிவிட்டோமே என்பான். பெண்டாட்டியை லூ என்று கூப்பிடுவது அங்கே வழக்கம். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

அந்த மனையில் வார்விக் கை படாமல் மிச்சமிருந்தது ஈசானி மூலை ஒன்றுதான். மலையைப் பார்த்த அந்த மூலையில் மனையின் காவல் சாமிக்கு ஆளுயரத்தில் ஒரு கல்மாடம் இருந்தது. வீட்டை யாருக்கு விட்டாலும் சாமியை விட முடியுமா? தினமும் காலையில் ராஸ்மினி குருத்தோலைத் தட்டில் பூவும் ஒரு பிடி சோறும் எடுத்துப்போய் வைத்துவிட்டு வருவாள். அந்த அரை நாழிகைதான் அவள் யாரோடும் சண்டை போடாத நேரம்.

கலுங்கான் பண்டிகைக்கு முந்தின வாரம், தட்டோடு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடத்துக்கு இரண்டடி தள்ளிக் குழி வெட்டியிருந்தது. ஜாவாக்காரக் கொத்தனார்கள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதன் மேல் வெள்ளைக் கழிப்பறைக் கோப்பையின் படம். விருந்தாளிகள் தங்க ஒரு அறையாம், அதற்குக் கக்கூஸாம். அங்கே அது வந்துவிட்டால் பிறகு அந்த மாடத்தில் ஒரு பூக்கூட வைக்க முடியாது. தீட்டுப்பட்ட சாமி எந்த மனையைக் காக்கும்? பண்டிகைக்கு இறங்கி வருகிற முன்னோர்களை எந்த முகத்தோடு கும்பிடுவது?  

வார்விக்கிடம் போனாள். அவன் கைகூப்பி, உள்ளூர்ப் பேச்சிலேயே பணிவாகப் பதில் சொன்னான். கட்டப்போகிற அறையின் படத்தை ஞோமானிடம் காட்டினானாம். ஞோமான் பார்த்துச் சிரித்தானாம். மாடம்தான் கவலை என்றால், எதிர்ப்பக்கத்தில் இதைவிடப் பெரிதாகத் தன் செலவில் கட்டித் தருவானாம். சாமி என்ன, சோபாவா தூக்கிப் போட?

வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்தாள்.

"ப்ளி, அந்தாளுகிட்ட சரின்னு சொன்னீங்களா?" புருஷனை அவர்கள் ப்ளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சொல்லலை, லூ."

"வேணாம்னாவது சொன்னீங்களா?"

"அதெப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது? சிரிச்சேன். நம்மாளா இருந்தா அந்தச் சிரிப்பப் பாத்ததுமே வேற எடம் பாத்துருப்பான். பாவம், அவனுக்கு வெளங்கலை."

"அவன் பாவம். சாமிய நடுத்தெருவுல விட்டுட்டு வந்த நீங்க ரொம்ப நல்லவரு."

ஞோமான் அதற்கும் சிரித்தான். அவளுக்குத் தட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை மனசில் தைத்தது. விளங்காதவனோடு என்ன மல்லுக்கட்டுவது என்று அவளே கொஞ்சம் இறங்கித்தான் போனாள்.

அதற்கு மறுநாள். வீட்டு வாசலில் அவள் நடத்துகிற சாப்பாட்டுக் கடைக்கு வார்விக் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கூட்டிவந்தான். அவர்களும் நீண்ட காலத்துக்கு வீடு தேடி வந்தவர்கள். ராஸ்மினி வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரை ஓட்டல் ஒன்றில் பல வருஷம் அறை கூட்டியவள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வார்விக் தன் உள்ளூர்ப் பேச்சைக் காட்டிக்கொள்வதிலேயே குறியாக இருந்ததால், அவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அவர்களுக்கு இங்கிலீஷில் பாடம் நடத்தினான்.

"வீட்டுக்காரன்கிட்ட எது வேணும்னாலும் நாலு பேரு முன்னாடி கேளுங்க. முடியாதுன்னு சொல்ல இவங்களுக்கு வராது. ஒரு மாதிரி சிரிப்பாங்க. வேணாம்னுதான் அதுக்கு அர்த்தம். நமக்குத் தெரியும்னு காட்டிக்கக் கூடாது. தேங்க்ஸ் சொல்லிட்டு வேலைய ஆரம்பிச்சிடணும். பொம்பளைங்ககிட்ட மட்டும் கேட்டுடாதீங்க."

தம்பதி சிரித்தார்கள். ராஸ்மினி அடுப்பை அணைத்தாள். சேவல், புகை, பலாமரம், எல்லாம் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. விளங்காதவனாம். பாவமாம். எட்டு வருஷமாக எல்லாம் விளங்கித்தான் இவன் இவ்வளவும் செய்திருக்கிறான். பக்கத்தில் போய், தெளிவான இங்கிலீஷில், காப்பிக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். வாய்க்குக் கொண்டுபோன கோப்பை வார்விக்கின் கையில் அப்படியே நின்றது.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கொல்லையில் ஞோமான் பண்டிகைக்கு நட மூங்கில் சீவிக்கொண்டிருந்தான். கேட்டதை ஒரு சொல் விடாமல் அவனிடம் கொட்டினாள்.

"தெரிஞ்சேவா?" என்று மட்டும் கேட்டான்.

"தெரிஞ்சேதான்."

அரிவாளைக் கீழே வைத்தான். அத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த முகத்தை அப்படி வெறுமையாக அவள் பார்த்ததே இல்லை. எழுந்து ஈசானி மூலைக்கு நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள்.

வார்விக் முந்திக்கொண்டு அங்கே வந்து நின்றான். தம்பதியும் கூடவே வந்திருந்தார்கள். கொத்தனார்கள் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்தாயிற்று, அவனுக்குத் தோதான இடம்தான். முகமெல்லாம் சிரிப்பாக ஞோமான் தோளில் கை போட்டான்.

"ஞோமான் ஐயா, இபு ஏதோ தப்பா எடுத்துக்கிட்டாங்க போல. இங்க கட்டலாம்தானே?"

இபு என்றது ராஸ்மினியை; மரியாதையான வார்த்தை.  ஞோமானுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு மூட்டை நெல்லைத் தூக்கும்போதுகூட அவன் அவ்வளவு பாடுபட்டதில்லை.

"கூடாது," என்றான். பிறகு கொத்தனார்களிடம் திரும்பி, "குழிய மூடுங்கப்பா," என்றான்.

அந்த வார்த்தைக்கே காத்திருந்தவர்கள் போல அவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். வார்விக்கின் முகம் சிவந்தது. கையெழுத்துப் போட்ட பத்திரம் தன்னிடம் இருப்பதைச் சொன்னான். ஞோமான் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டான், சிரிக்கவில்லை. மண் விழுகிற சத்தம்தான் கேட்டது. வேறு வழியில்லாமல், பெண்பிள்ளைகளிடம் கேட்காதே என்று பாடம் சொன்னவன் ராஸ்மினியிடமே திரும்பினான்.

"சரி இபு, பேசித் தீத்துக்கலாம். வேலைய எப்ப மறுபடி ஆரம்பிக்கலாம்?"

ராஸ்மினி அவனை நிதானமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்து, ஊர்க்காரர்கள் சிரிக்கிற அதே சிரிப்பு.

"நாளைக்கு ஆரம்பிச்சிடலாம், மிஸ்டர்."

வீடு தேடி வந்த பெண் வார்விக்கின் சட்டையைப் பிடித்து இழுத்து, நீங்கள் சொன்ன சிரிப்பு இதுதானா என்று காதோடு கேட்டாள்.